பின்னால் எழும் அலை



காவிரிக் கடைமடையாகிய திருத்துறைப்பூண்டியில் வாழும் எமக்கு ஆறுகள் புதியவை அல்ல. முள்ளியாற்றின் கரையில் வளர்ந்தோம். இவ்வட்டாரத்து வயல்களை நனைத்த பாமணியாறு, கோரையாறு முதலியன தெற்கே சென்று கடலோடு கலக்கும் இடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் காயலும் அமைந்துள்ளன. அங்கே ஆற்றின் ஓட்டமும் கடலின் ஓதமும் ஒன்றையொன்று எதிர்கொண்டு, ஓசையின்றி ஏறுவதும் வற்றுவதுமாய் இருக்கும். அவ்வமைதியை யாமே குலைத்த ஒரு நிகழ்ச்சியை முன்னிட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். பிறர் பிழையைக் காட்டி அறம் உரைப்பது எளிது. தம் பிழையைச் சொல்லி உரைப்பதே ஆசிரியப் பணி செய்தவர்க்கு அழகு.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், முன்னர் எம்மிடம் பயின்ற மாணவியர் மூவருடன் அக்காட்டைக் காணச் சென்றிருந்தோம். ஜாம்புவானோடையிலிருந்து பைபர் படகொன்றில் கோரையாற்றின் வழியே காயலை அடைந்தோம். கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் திரளாக அமர்ந்திருந்தன. கரைச் சேற்றில் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் நிமிர்ந்து நின்றன. பார்த்துக்கொண்டிருந்ததில் பொழுது போனது தெரியவில்லை. திரும்பும்போது ஞாயிறு வெகுவாகச் சாய்ந்துவிட்டது.

இரவில் உண்ணாமை இளமை முதல் யாம் காத்துவரும் நோன்பு. உணவோ கரையில் நின்ற வண்டியில் இருந்தது. ஆகவே, விரைந்து செலுத்துமாறு படகோட்டித் தம்பியிடம் கூறினோம். ஒரு முறையன்று, மும்முறை கூறினோம். அவரும் இயந்திரத்தை முடுக்கினார். படகின் முன்பகுதி நீரைவிட்டு உயர்ந்தது. மாணவியர் மகிழ்ந்தனர். யாமும் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு குறுகி வளையும் ஓரிடத்தில் முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் சிறு தோணியில் இருந்தனர். அம்முதியவள் எழுந்து நின்று வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எம் படகு அவர்களைத் தொடாமல் விலகியே சென்றது. ஆனால் படகு கடந்தபின் அதன் அலை சென்று சேர்ந்தது. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மூதாட்டி நீரில் விழுந்தாள். கணவர் அவள் கையைப் பற்றித் தூக்கினார். அவர்கள் இரவுக்கென வைத்திருந்த தூக்குவாளி கவிழ்ந்து, சோறு வெள்ளையாய் நீரில் பரவியதை யாம் கண்டோம்.

படகோட்டி வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். முதியவர் எம்மைப் பழித்து ஒரு சொல்லும் கூறவில்லை. போங்கள் என்பதுபோல் கையை அசைத்தார். “நாம அவங்கள இடிக்கலேம்மா” என்றார் படகோட்டி. அது உண்மைதான். அவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு யாம் மறுமொழி கூறாதிருந்தோம். படகைத் திருப்பச் சொல்லவில்லை. ஞாயிறு மறையுமுன் கரையேறி, கை கழுவி, உரிய பொழுதில் உண்டோம்.

அன்றிரவு சாமாயிகத்தில் அமர்ந்தபோது உள்ளம் ஒருமைப்படவில்லை. நாம் உண்ணும் பொழுதைக் காக்கப்போய் வேறு இருவர் உணவை ஆற்றில் கொட்டினோமே என்னும் நினைவே மீண்டும் மீண்டும் எழுந்தது. ‘அவர்கள் மீன் பிடிப்பவர்கள்தாமே’ என்று மனத்தின் ஒரு மூலை வாதிட்டதையும் மறைக்க மாட்டோம். அவர்கள் தொழில் நம் நெறிக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒருவர் தொழிலை நாம் ஏற்கவில்லை என்பதால் அவருயிரைக் கருதாதிருக்கும் உரிமை நமக்கு வந்துவிடுமோ? ஓரறிவுயிர்க்கும் இரங்கச் சொன்ன அறம், ஆறறிவுடைய மூதாட்டியை நீரில் தள்ளிவிட்டு வாதாடச் சொல்லவில்லை.

எம் ஆசிரியப் பணியின் தொடக்க நாள்கள் அப்போது நினைவுக்கு வந்தன. வகுப்பில் பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்து எழுதுவர். பேனாவுக்கு மை நிரப்பும் புட்டி அருகில் இருக்கும். ஒரு சிறுவன் வரிசைக்கு நடுவே ஓடுவான். அவன் கால் எவர்மேலும் படாது. ஆனால் அவன் ஓடுகின்றான் என்றவுடன் ஒருத்தி ஒதுங்குவாள், அவள் முழங்கை புட்டியைத் தட்டும், மூன்றாமவள் ஏடு முழுதும் மையாகும். “நான் யாரையும் தொடவில்லை, டீச்சர்” என்பான் அவன். “நீ தொடவில்லை, உன் ஓட்டம் தொட்டது” என்று திருத்துவோம். அன்று அச்சிறுவனுக்குச் சொன்னதை எழுபது வயதுக்குமேல் எமக்கே சொல்லிக்கொள்ள நேர்ந்தது.

அன்பர்களே! இம்சை என்பது கொல்லும் எண்ணத்தில் மட்டும் இல்லை என்பதை நம் ஆசாரியர்கள் ஐயமற உணர்த்தியுள்ளனர். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையையே அதன் வேராக வைக்கிறார். குந்தகுந்த ஆசாரியரோ பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். விழிப்பின்றி ஒழுகுபவனுக்கு, எதிரிலுள்ள உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் இம்சை உண்டு என்பதும், விழிப்புடன் ஒழுகுபவனுக்குத் தன்னையறியாது நேர்ந்த ஊறு மட்டும் வினைக்கட்டாகாது என்பதும் அவர் கருத்து. அம்மூதாட்டி பிழைத்தாள் என்பது அவளது நல்வினை. எம் கணக்கில் அது வரவாகாது.

மேலும், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்குகளை விலக்குவது அது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அத்தீங்குகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் பிரமாதசரியை என்பதையும் வைக்கிறார். வேண்டாது மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், தீயை மூட்டுதல், செடியைக் கிள்ளுதல், காரணமின்றித் திரிதல் ஆகியன அதன்பாற்படும். நம் தமிழ் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை இவ்வழியிலேயே விளக்குகிறது. ‘நீரைக் கலக்குவது பெரிய குற்றமா?’ என்று இளைஞர் கேட்கலாம். குளத்தங்கரையில் அமர்ந்து காலால் நீரை அளைவதையே தவிர்க்கச் சொன்ன நெறி, விசைப்படகின் சுழலியை என்ன சொல்லும் என எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்நீரில் இருப்பன நீருடல் உயிர்கள் மட்டுமல்ல. அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல். அகன்ற கடலில் அவ்வலை பரந்து தணியும். குறுகிய ஆற்றில் அது கரைமேல் மோதி, மீண்டும் எதிர்க்கரைக்குச் சென்று மோதும். கரைமண் சரிகிறது. அடிச்சேறு கலங்கி மீன்களின் செவுள்களில் படிகிறது. ஓதத்தில் மிதந்து வந்து சேற்றில் வேரூன்ற முயலும் அலையாத்தி விதைகள் பெயர்ந்து போகின்றன. குளிர்காலத்தில் நெடுந்தொலைவு பறந்து வந்து இளைப்பாறும் பறவைகள் அஞ்சி எழுந்து, இரைதேடும் பொழுதையும் உடல் வலிவையும் இழக்கின்றன.

அலையை ஆற்றுவதால் அலையாத்தி எனப் பெயர் பெற்ற மரம் அது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியம் அருகே கரைகடந்த கஜா புயல் இக்காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சீரழிந்த பகுதிகளை மீட்க வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீரை உள்ளே வரவிட்டுக் கன்றுகளை நட்டு வளர்த்தன. புயலின் அலையைத் தடுப்பது மனிதர்க்கு இயலாது. இயந்திரத்தின் அலையைத் தடுப்பது ஒரு கைத்திருப்பில் இயலும்.

இக்காயலுக்கு அப்பால் பாக் விரிகுடாவில் கடற்பசுக்கள் வாழ்கின்றன. ஆவுளியா என்று கடலோர மக்கள் அழைக்கும் அவை கடற்புல்லை மேய்ந்து, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருபவை. வேகப்படகு அவற்றுக்கு ஒதுங்க நேரம் தருவதில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அவற்றுக்கான காப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அவற்றின் உறவினமாகிய மனாட்டிகள் வாழும் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவில், 1978ஆம் ஆண்டிலேயே சரணாலயச் சட்டம் இயற்றி, படகுகள் மெல்லச் செல்ல வேண்டிய நீர்ப்பகுதிகளை வரையறுத்தனர். அங்கே ஆய்வாளர்கள் ஒரு மனாட்டியை மற்றொன்றிலிருந்து அடையாளம் காண்பது எதைக்கொண்டு தெரியுமா? படகுச் சுழலிகள் அவற்றின் முதுகில் வெட்டிய தழும்புகளைக்கொண்டு.

இத்தாலியின் வெனிசு நகரில் விசைப்படகுகளின் அலை பழைய மாளிகைகளின் அடித்தளத்தையே அரித்தது. அதனை எதிர்த்து அந்நகரத்தார் 1975இல் துடுப்புப் படகுகள் மட்டுமே செல்லும் வோகலோங்கா என்னும் பெருவிழாவைத் தொடங்கினர். உரத்துப் பேசியவரை மெல்லப் பேசித் திருத்தும் ஆசிரியரைப் போன்ற செயல் அது.

கடலோடிகளுக்கென 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளின் ஆறாம் விதி, கலம் எதுவாயினும் எப்போதும் பாதுகாப்பான வேகத்திலேயே செல்ல வேண்டும் என்கிறது. எதிரில் எவ்வளவு தொலைவு தெரிகிறது, அருகில் எத்தனை கலங்கள் உள்ளன, எவ்வளவு தூரத்தில் நிறுத்த இயலும் என்பவற்றைக் கருதியே வேகம் அமைய வேண்டுமாம். படகுக்கு வண்டியைப்போல் பிரேக் இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில், இயந்திரச் சோதனையிலிருந்த கடற்படை விரைவுப்படகு கட்டுப்பாடிழந்து, எலிபெண்டாத் தீவுக்குச் சென்ற பயணிப் படகில் மோதி 15 உயிர்களைப் பலிகொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அவ்விதியைப் படித்தபோது எமக்கு நம் முனிவரின் ஈர்யா சமிதியே தோன்றியது. பகலொளியில், நான்கு முழத் தொலைவைக் கூர்ந்து நோக்கி, உயிர்கள் மிதிபடாது அடி வைப்பது அது. முனிவர்க்கு அது மகாவிரதத்தின் காவல். நமக்கு அதன் சிறு பகுதியேனும் வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாட்டை யாம் அன்று ஆற்றில் கற்றோம். நிலத்தில் நடப்பவர் முன்னே பார்த்தால் போதும். நீரில் செல்பவர் பின்னேயும் பார்க்க வேண்டும். நாம் கடந்துபோன பின்னரே நம் அலை பிறரைச் சென்று சேர்கிறது.

படகேறாத குடும்பங்கட்கு இதில் என்ன உண்டு என்று கேட்பீர்கள். மேல்சித்தாமூர், பொன்னூர் மலை, தீபங்குடி, மன்னார்குடி மல்லிநாதர் ஜினாலயம் என்று வேன் அமர்த்தித் தலயாத்திரை செல்லாத குடும்பம் நம்மில் அரிது. “இருட்டுமுன் போய்ச் சாப்பிட வேண்டும், கொஞ்சம் விரட்டுங்கள்” என்று ஓட்டுநரிடம் சொல்லாதவரும் அரியர். அவ்விரைவில் தெருநாய் அடிபடலாம். மழைநீர் தேங்கிய பள்ளத்திலிருந்து சேறு தெறித்துப் பள்ளிச் சிறுமியின் சீருடை கெடலாம். நாம் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆகவே நோன்பு பழுதின்றி நிறைவேறியதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆதலின் மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, நோன்புடையார் பயணத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்குக. உணவைக் கையோடு கொண்டு செல்க. இரண்டாவது, படகிலோ வண்டியிலோ ஏறும்போதே, “எங்களுக்காக விரைய வேண்டாம், சிறு தோணிகளையும் நடப்பவரையும் கண்டால் வேகத்தைத் தணியுங்கள்” என்று கூறுக. கூலி கொடுப்பவர் சொல்லுக்கு ஓட்டுபவர் இசைவர். எம் சொல்லுக்கு அவர் இசைந்ததால்தான் அன்று அத்தீங்கு நேர்ந்தது. மூன்றாவது, எவ்வாறாயினும் பொழுது தாழ்ந்துவிட்டால், அன்று உண்ணாதிருந்துவிடுக. ஒருவேளை பட்டினியால் நமக்குக் கேடில்லை. நோன்பின் துன்பத்தை நோற்பவரே ஏற்க வேண்டும், எதிரே வருபவர்மேல் அதை இறக்கி வைக்கலாகாது.

பத்து நாள் கழித்து, புதிய தூக்குவாளி ஒன்றும் சேலையொன்றும் வாங்கிக்கொண்டு ஜாம்புவானோடைக்குச் சென்றோம். படகுத்துறையில் உள்ளோரிடம் அடையாளம் கூறி வினவினோம். அந்த வயதில் தோணி வலிக்கும் இணையர் பலர் உண்டு என்றனர். மாலை வரை காத்திருந்தும் அவர்களைக் காணவில்லை. அன்று பொழுது சாய்ந்தபின்னரே ஊர் திரும்பினோம். அன்றிரவு உண்ணவில்லை.

தசலட்சண பர்வத்தின் நிறைவில் க்ஷமாவணி நாளன்று நாம் ஒருவரையொருவர் கைகூப்பிப் பிழைபொறுக்க வேண்டுகிறோம். நம் உற்றார் பொறுத்தருள்வர். பெயரும் அறியாத அவ்விருவரிடம் யாம் எவ்வாறு வேண்டுவோம்? அவர்கள் இவ்விதழைப் படிக்கப் போவதில்லை. அத்தூக்குவாளி இன்னும் எம் அலமாரியில் இருக்கிறது. மீண்டும் ஒருமுறை துறைக்குச் சென்று பார்ப்போம். அதுவரை, இதைப் படிக்கும் ஒரு குடும்பமேனும் ஒரு படகோட்டியிடம் “மெல்லச் செல்லுங்கள்” என்று சொல்லுமாயின், எம் வினையில் ஒரு துளியேனும் உதிரும் என்று நம்புகிறோம்.

எவ்வுயிர்க்கும் இன்னல் இழையாத அறம் வாழ்க! அருகன் திருவடி போற்றி!