ஹிம்மெலுக்குப் பின்னான ஆண்டுகள்

தொகுதி 1

சாகசம் முடிந்த இடத்தில் ‘ஃப்ரீரென்’ மங்கா தொடங்குகிறது. அசுர அரசனை வென்ற நால்வர் தலைநகருக்குத் திரும்புகிறார்கள்: வீரன் ஹிம்மெல், பாதிரி ஹைட்டர், குள்ள இனத்துப் போர்வீரன் ஐஸென், எல்ஃப் இனத்து மந்திரக்காரி ஃப்ரீரென். பயணம் பத்தாண்டு நீண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஃப்ரீரெனுக்கு அது ஆயுளில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் எரிகல் மழையை அடுத்த முறையும் சேர்ந்து பார்க்கலாம் என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வரும்போது ஹிம்மெல் தலை வழுக்கையான கிழவர். சில பக்கங்களில் அவருடைய இறுதிச் சடங்கு. மனித ஆயுள் குறுகியது என்று தெரிந்திருந்தும் இவரை அறிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று அங்கே அழுகிறாள்.

யமதா கனெஹிதோ எழுத, அபே ட்ஸுகாஸா வரையும் இந்தத் தொடர் 2020 ஏப்ரலில் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் தொடங்கியது. பிறகு வரும் ஒவ்வொரு தொகுதியும் அந்த அழுகைக்கு அவள் தேடும் பதில். கதையின் காலக்கணக்கே ஹிம்மெலின் மரணத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. இத்தனை ஆண்டு கழித்து, இன்ன இடத்தில் என்று ஒரு சிறு குறிப்பு வரும். பயணம் மேலே நடக்கும்.

இதே தொகுதியில் ஃப்ரீரெனும் அவள் மாணவி ஃபெர்னும் குவால் என்ற அசுரனை எண்பது ஆண்டுச் சிறையிலிருந்து விடுவிக்கிறார்கள். அவன் கண்டுபிடித்த கொல்லும் மந்திரத்துக்கு ஒரு காலத்தில் எந்தக் கவசமும் தாங்கவில்லை. இப்போது ஃபெர்ன், சின்னப் பெண், அதைச் சாதாரணமாகத் தடுக்கிறாள். அந்த எண்பது ஆண்டும் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த மந்திரத்தை அக்கு அக்காகப் பிரித்து ஆராய்ந்து, எல்லா மந்திரக்காரர்களும் கற்கும் பாடமாக்கிவிட்டார்கள். குறைந்த ஆயுள் உள்ளவர்களின் அவசரத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை நான் வேறெந்தக் கதையிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

தொகுதி 3

ஔரா என்ற அசுரத் தலைவியிடம் ஒரு தராசு இருக்கிறது. இரண்டு உயிர்களின் மந்திர சக்தியை அது நிறுக்கும். கனமான பக்கம் மற்றதை அடிமைகொள்ளும். ஐந்நூறு ஆண்டு வாழ்ந்தவள் என்பதால் ஔராவுக்கு அச்சமில்லை. ஃப்ரீரெனோ தன் ஆசிரியை ஃப்ளாமே சொன்னபடி வாழ்நாள் முழுதும் தன் சக்தியைக் குறைத்தே காட்டி வந்திருக்கிறாள். தராசு சாய்கிறது. சண்டை அவ்வளவுதான். மற்ற சாகசத் தொடர்கள் ஒரு தொகுதி முழுக்க நடத்தும் மோதலை இது ஓர் அமைதியான கணக்காக முடித்துவிடுகிறது. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுப் பொறுமை இருப்பதால் அது எனக்குக் குறைவாகப் படவில்லை.

தொகுதி 7

ஃப்ரீரெனும் ஃபெர்னும் கலந்துகொண்ட முதல்நிலை மந்திரவாதித் தேர்வு இங்கே முடிகிறது. தேர்ச்சி பெற்றவருக்கு, கேட்கும் மந்திரம் எதுவானாலும் தருவாள் பேரறிஞை ஸெரியே. ஃபெர்ன் கேட்பது துணியை அழுக்கில்லாமல் வெளுக்கும் மந்திரம். மந்திரம் சண்டைக்கு மட்டுமல்ல என்று வளர்ந்த பிள்ளை அவள். ஃப்ரீரென் சேர்த்துவைப்பவையும் அப்படிப்பட்ட மந்திரங்கள்தான். பூ வயலை உண்டாக்கும் மந்திரம் ஃப்ளாமேக்குப் பிடித்தது, ஃப்ரீரெனுக்கு வந்தது, காட்டில் வழி தப்பிய ஒரு சிறுவனுக்கு அவள் அதைக் காட்டினாள். அந்தச் சிறுவன் ஹிம்மெல்.

தேர்வு எழுதியவர்களில் டென்கென் என்ற முதியவரும் உண்டு. சொந்த ஊருக்குப் போய் மனைவியின் கல்லறையைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இந்தத் தகுதி என்கிறார். போகிற போக்கில் சொல்லப்பட்ட காரணம் போல இருந்தது.

தொகுதிகள் 9 முதல் 11

டென்கெனின் அந்த ஊர் வைஸ. மாஹ்ட் என்ற அசுரன் அதை முழுவதும் பொன்னாக்கி ஐம்பது ஆண்டு ஆகிறது. குற்றவுணர்வு என்றால் என்ன என்று அறிய ஆசைப்பட்டு மனிதர்களோடு வாழ்ந்தவன் அவன். நகரத் தலைவருடன் நட்பாக இருந்தான்; டென்கெனுக்கு மந்திரம் கற்பித்தவனும் அவனே. கடைசியில் அத்தனையையும் அழித்துப் பார்த்தான், வலிக்கிறதா என்று அறிய.

இதைப் படித்த பிறகு ஏழாம் தொகுதியைத் திரும்ப எடுத்தால் டென்கெனின் முகம் வேறு முகம். அபேயின் கோடுகள் அதே கோடுகள்தான். கதை முன்னே செல்லச் செல்லப் பின்னே உள்ள பக்கங்கள் ஆழமாகின்றன. முடியாத ஒரு தொடரைப் பற்றி எழுதும் விமர்சனத்துக்குத் தேதி போட வேண்டும் என்று நான் எண்ணுவது இதனால்தான். இந்தத் தொகுதி மெதுவாக நகர்கிறது என்று இன்று எழுதுவது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் அது இன்றைக்கு மட்டுமான உண்மை.

தொகுதி 12

தேவியின் கல்வெட்டொன்றைத் தொட்டதும் ஃப்ரீரென் எண்பது ஆண்டு பின்னால் போய்விடுகிறாள். ஹிம்மெல் எதிரே நிற்கிறான், இளைஞனாக. முதல் தொகுதியில் எந்தப் பத்தாண்டை அவள் கவனிக்காமல் கடந்தாளோ, அதற்குள்ளேயே இப்போது நிற்கிறாள். வருங்காலம் குலைந்துவிடக் கூடாது என்பதால் நினைத்ததையெல்லாம் சொல்லவும் முடியாது. அவளால் முடிந்தது பார்ப்பது, கேட்பது, கூட நடப்பது. முதல் முறை செய்யத் தவறியதும் அதுவே.

இடைவெளி

இந்தத் தொடர் அடிக்கடி நின்று நின்று வருகிறது. 13ஆம் தொகுதி 2024 ஏப்ரலில் வந்தது, 14ஆம் தொகுதி அதே ஆண்டு டிசம்பரில். முழுவதும் முடியட்டும், அப்புறம் சேர்த்துப் படிக்கலாம் என்று காத்திருக்கும் வாசகர்கள் எல்லா நீண்ட தொடர்களுக்கும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: அறுந்த நூலைத் திரும்பப் பிடிக்கும் சிரமம் இல்லை, முடிவு கெட்டுப்போகும் என்ற பயமும் இல்லை.

ஆனாலும் நான் நடுவிலேயே படிக்க விரும்புகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஃப்ரீரென் நினைத்ததில் சோம்பலும் இல்லை, அன்பின்மையும் இல்லை. காலம் தன் பக்கம் இருப்பதாக அவள் நம்பினாள், அவ்வளவுதான். எழுதுகிறவர், வரைகிறவர், வாசிக்கிறவர் மூவருக்கும் மனித ஆயுள்தான். ஒரு தொகுதி கைக்கு வந்திருக்கும்போது, அடுத்தது என்ன சொல்லும் என்று தெரியாத நிலையிலேயே, அதில் எதைக் கண்டேன் என்று எழுதிவைப்பது அந்தக் கதைக்குச் செய்யும் மரியாதை. எழுதியதை அடுத்த தொகுதி மாற்றிவிட்டால் மகிழ்ச்சியோடு மாற்றி எழுதலாம்.