இனிஷியலும் கொப்பரையும்

அந்தமானுக்கு விமான டிக்கெட் போட உட்கார்ந்தால், கட்டணத்தைவிட மிரட்டுவது 'குடும்பப் பெயர்' கேட்கும் கட்டம்தான். நமக்கு ஏது அது? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவோம். ஆதாரிலோ வெறும் 'கே'. அட்டையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் போட்டுவிடுவதே நல்லது.

பிறகு பெட்டி. சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். எடை மெஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, வெறுங்கையோடு ஒரு தடவை ஏறிக் கழித்துப் பார்க்க வேண்டும். (நம் எடையும் அம்பலமாகும்!) பவர்பேங்க் கைப்பையில். அம்மா எடுத்துவைத்த கொப்பரை வீட்டிலேயே இருக்கட்டும். எண்ணெய்ப் பண்டம், தீப்பிடிக்கும் என்று விடமாட்டார்கள். அந்தமானில் இல்லாத தேங்காயா!

அங்கும் நம் கடிகார நேரம்தான். ஆனால் சூரியன் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிடும்.