வித்தியாசத் தொகை

களவு என்று சொல்லும்போதே உடையவன் ஒருவன் இருக்கிறான் என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். உடையவன் இன்னார் என்று நிர்ணயிக்க முடியாத ஒன்றை எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? இந்தக் கேள்வி எனக்கு ஒரு பெட்ரோல் ரசீதிலிருந்து வந்தது.

திருப்புட்குழியில் பட்டு வியாபாரி ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மாதம் நாலு நடை அவருடைய காரில் சேலைகள் வந்தவாசி, திண்டிவனம் வழியே புதுச்சேரிக் கடை ஒன்றுக்குப் போகும். டிரைவர் தறிக்காரர் வீட்டுப் பையன். தறி சோறு போடாமல் ஸ்டியரிங்குக்கு வந்தவன். நடைக்கு 20 லிட்டர் என்று கணக்கிட்டு, எங்கள் ஊர் பங்க் விலையில் முதலாளி பணம் கொடுப்பார். அவன் இருக்கிற பெட்ரோலில் கோரிமேட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் போட்டுக்கொள்வான். அப்போது அங்கே லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைவு. நடைக்கு 100 ரூபாய் அவன் பையில் தங்கியது. சேலை பில்களுக்கு நடுவே தவறி வந்துவிட்ட ரசீதை முதலில் பார்த்தவன் நான். முதலாளியிடம் காட்டியவனும் நான்தான்.

"இந்த ஊரு ரேட்டுக்குக் குடுத்தீங்க. இருபது லிட்டர் போட்டேன். வண்டிக்கு ஒரு சொட்டு கொறஞ்சுதா சார்?" என்று அவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். முதலாளியும் என் பக்கம் திரும்பினார். தப்புதான் என்றேன். அன்றோடு அவன் வேலை போயிற்று.

சொல்லாமல் எடுத்தது தப்பு என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யாருடையதை எடுத்தான் என்று யோசிக்கும்போது என் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது.

பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் மாறுவதற்குத் தூரம் ஒரு காரணம். டெப்போவிலிருந்து ஏற்றிப்போகிற கூலி விலையில் சேர்கிறது. சென்னையைவிட நீலகிரியில் கூடுதல். இது பிரகிருதி விதி மாதிரித் தோன்றும். ஆனால் 2024 அக்டோபர் இறுதியில் எண்ணெய்க் கம்பெனிகள் மாநிலங்களுக்குள் ஏற்றுகூலியைச் சீரமைத்தபோது, ஒடிஸாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் சில இடங்களில் லிட்டருக்கு நாலு ரூபாய்க்கு மேல் இறங்கியது. ஓர் உத்தரவில் இறங்கக்கூடியதை விதி என்று எப்படிச் சொல்வது? அதுவரை அந்த ஊர்க்காரன் அங்கே பிறந்ததற்குத் தண்டம் கட்டிக்கொண்டிருந்தான்.

எல்லா ஊருக்கும் ஒரே விலை வைத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? 1950களிலிருந்து 90களின் தொடக்கம் வரை இரும்பு, எஃகு நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கும்படி மத்திய சர்க்கார் ஏற்றுகூலியைச் சமப்படுத்திற்று. தாதுவும் நிலக்கரியும் காலடியில் கிடந்த அன்றைய பீகார், அந்த அனுகூலத்தை இழந்தது. தெற்கிலும் மேற்கிலும் ஆலைகள் வளர்ந்தன. அந்தச் சமத்துவத்தின் பலனை அனுபவித்தவர்களில் நாமும் உண்டு. அதற்கான கூலியை வேறொருவர் கொடுத்தார்.

இன்னொரு காரணம் எல்லைக்கோடு. 2017இல் பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிறுத்தியதால் அந்தந்த அரசு தன் வரியைத் தானே போடுகிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நிலம் என்பதால் கோரிமேட்டில் ஒரு வரி முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது. ஆக, அந்த 100 ரூபாய் டிரைவரின் உழைப்பில் வந்ததல்ல. முதலாளியின் முதலில் வந்ததுமல்ல. அதை இழந்தவர் என்று யாரையாவது சொன்னால் தமிழ்நாட்டுக் கஜானாவைச் சொல்லலாம். அது வந்து கேட்கவில்லை. எங்கள் விஜயராகவப் பெருமாள் கோயிலில், பிள்ளை வேண்டி வருகிறவள் மடியில் கட்டிக்கொண்ட வறுத்த பயறு விடிவதற்குள் முளைவிடும் என்பது ஐதீகம். இந்தப் பணமும் வறுத்த பயற்றில் விட்ட முளைதான். ஐதீகத்தில் அது யாருக்கு என்பதாவது தெளிவாக இருக்கிறது.

இதற்குப் பின் நடந்ததையும் எழுத வேண்டும். நடைச் செலவைப் புதுச்சேரிக் கடைக்காரர்தான் எங்களுக்குத் தருகிறார். அதற்கான பில்லை எங்கள் ஊர் விலையில் போட்டு அனுப்புகிறவன் நான். புது டிரைவருக்கு முதலாளி அந்த ஊர் விலையில் பணம் கொடுக்கிறார். பில் மட்டும் இந்த ஊர் விலையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. அதே 100 ரூபாய் இப்போது முதலாளியிடம் தங்குகிறது; என் கையெழுத்தில் பேரேட்டில் வரவாக ஏறுகிறது. கடைக்காரருக்குத் தெரியாது. யாரும் இதைக் களவு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முதலாளிகளுக்கு ஒரு நியாயம், தொழிலாளிக்கு ஒரு நியாயம் என்று சமூகத்தின்மேல் பழியைப் போட்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அது சௌகரியமானதும்கூட. ஆனால் அன்று தீர்ப்புச் சொன்னது சமூகமல்ல. மறைத்ததுதான் அவன் தப்பு என்றால், எங்கள் பில்லிலும் அதே மறைப்பு இருக்கிறது. விலை இடத்துக்கு இடம் மாறுவதை அநியாயம் என்று டீக்கடையில் பேசுகிற நான், என் தீர்ப்பை ஆளுக்கு ஒரு விலையில் கொடுத்திருக்கிறேன். அவனை இழப்பதால் எனக்கு ஒன்றும் போகவில்லை. முதலாளியிடம் இதைச் சொன்னால் என் வேலை போகலாம். என் வார்த்தைகளுக்கு இடையில் இருந்த வித்தியாசத் தொகை அவ்வளவுதான்.

அடுத்த நடைக்கான பில் மேஜைமேல் கிடக்கிறது. பெட்ரோல் என்று எழுதியாயிற்று. எதிரே இன்னும் தொகை போடவில்லை.