வேலிக்கு அடியில் ஓடும் நீர்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் அமைந்துள்ளது நாவற்குடா. இங்கு சிறிது ஆழம் தோண்டினாலே நீர் ஊறும். மணலினூடே இறங்கிய மழைநீர், தன்னிலும் அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. அந்நன்னீரே கிணறுகளின் வாழ்வு. ஆனால் கிணறுள்ள வளவிலேயே மலக்குழியும் உண்டு. மழையை எளிதில் உள்வாங்கும் மணல், மலக்குழியின் கசிவையும் அவ்வாறே உள்வாங்குகின்றது. நிலத்தின்மேல் வேலி உண்டு; நிலத்தடியில் இல்லை. எனவே, ஒருவர் தம் வளவில் செய்வது அயலவரின் குடிநீரைக் கெடுக்குமாயின் அவர் எவ்வளவுக்குப் பொறுப்பாளி என்னும் வினா எழுகின்றது.

தீய எண்ணம் இல்லாதவிடத்துக் குற்றமும் இல்லை என்பர் சிலர். இவ்விடையைச் சோதிக்க ஒரு வரலாற்று நிகழ்ச்சி துணைபுரியும். 1854 இல் இலண்டன் மாநகரின் புறோட் வீதிப் பகுதியில் வாந்திபேதியால் 600 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மரணங்கள் ஒரு பொதுக் கிணற்றைச் சூழ நிகழ்ந்தமையை மருத்துவர் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்ட, அதன் நீரிறைக்கும் கைபிடி கழற்றப்பட்டது. நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளை அலசிய நீர், கிணற்றின் அருகிலிருந்த சிதைந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டமை பின்னர் தெரியவந்தது. அந்நீரை ஊற்றிய தாயைக் குற்றவாளி என எவரும் கூறார். வாந்திபேதிக் கிருமியை றொபேட் கொக் கண்டு விளக்கியதே 1884 அளவில்தான்.

ஆனால் இன்று நாம் அத்தாயின் நிலையில் இல்லை. மலத்தோடு கலந்த நீரால் வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் பரவுமென்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். அறியாமை நீங்கியவிடத்து, எண்ணம் நல்லதென்னும் சமாதானமும் வலுவிழக்கின்றது. அறிந்தும் பாராமுகமாயிருத்தல் தீங்கிழைத்தலுக்கு அண்மையானதே.

இங்கு நியாயமான மறுப்பொன்று உண்டு. சிறு வளவு உடைய ஏழை, கிணற்றுக்கும் குழிக்கும் இடையே போதிய தூரத்தை எங்ஙனம் விடுவார்? செய்ய இயலாததைக் கடமையென விதித்தல் அறமாகாது. ஆயின் அவரால் இயலாமை அக்கடமையை அழித்துவிடுவதில்லை. அதனை அயலவர்க்கும் ஊருக்கும் அரசுக்கும் பகிர்ந்தளிக்கின்றது. கசியாத குழி அமைக்க உதவுதலும், கிணற்றுக்குக் கட்டும் மூடியும் இடுதலும், நீரைக் காலந்தோறும் பரிசோதித்தலும் தருமமல்ல, பொதுக்கடன்.

நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா எனவும் கேட்கலாம். கொதிக்கவைத்தல் விவேகம்; அதனைக் கைவிடலாகாது. எனினும் அது கொதிக்கவைப்பவரின் வீட்டை மட்டுமே காக்கும், ஊற்றைக் காக்காது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழியே மட்டக்களப்பை அடைந்துள்ள இக்காலத்தும் இவ்வேறுபாடு பொருளற்றதாகிவிடவில்லை. குழாய் பெற்றவர் கிணற்றை மறக்கலாம். கிணற்றையே நம்பியிருக்கும் அயலவர் மறக்க முடியாது.

2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளில் கடல்நீரையும் கழிவையும் நிரப்பியது. அவற்றை மட்டுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும் என்பதும் அப்போது உணரப்பட்டது. ஒருவர் தம் கிணற்றைத் துப்புரவாக்குவதிலும் அளவும் கூட்டுணர்வும் வேண்டியிருந்தன.

கிணறு ஒருவருடையதாகலாம், அதில் ஊறும் நீர் அவருடையது மட்டுமன்று. நீர் எதுவரை ஓடுகின்றதோ, பொறுப்பும் அதுவரை செல்லும். தம் மலக்குழியை மூடும் ஒருவர், அயல் வீட்டுக் குழந்தை நாளை அருந்தப்போகும் நீரையும் எண்ணி மூடுவாராயின், அதுவே இம்மணல் நிலத்துக்கு ஏற்ற அறமாகும்.