மண்டையோடும் மனித மாண்பும்

மனிதன் எப்போது மனிதனானான்? இவ்வினா அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று. ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கை சொல்லும் நமக்கும் உரியது. மயிலாடும்பாறையில் மூல வைகையின் கரையில் நிற்போர்க்கு, இம்மண் எத்தனை தலைமுறைகளைத் தாங்கியதோ என்ற எண்ணம் எழாமலிராது.

திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டனர். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயதை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் எனக் கணித்தது. கருவி கிடைத்தது, செய்தவனின் எலும்பு கிடைக்கவில்லை. நருமதைக் கரையில் ஹத்நோரா என்னும் ஊரில் 1982இல் அருண் சோனகியா ஒரு மண்டையோட்டின் பகுதியைக் கண்டெடுத்தார். அது எம்மனித வகையினது என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒருமனப்படவில்லை.

இவை தொடக்கநூலைப் பொய்யாக்குமோ என அஞ்சுவோர் நம்மிடையே உளர். உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்குத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இலேயே இடமளித்தார்; பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோளினும் மேலானது என்று இரண்டாம் அருள் சின்னப்பர் 1996இல் கூறினார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை இருவரும் வலியுறுத்தினர். மண்ணால் உருவானோம் என்று விவிலியமே சொல்லுகையில், அம்மண் நெடுங்காலம் பிசையப்பட்டது என்பது கேட்டு நாம் ஏன் கலங்க வேண்டும்?

கடினமான வினா வேறொன்று. ஆய்வாளர் மண்டையோட்டின் கொள்ளளவை அளக்கின்றனர். இறைச்சாயலையும் அவ்வாறு அளக்கலாமா? அறிவாற்றலே சாயல் எனின், நினைவிழந்த மூதாட்டியிடம் அது தேய்ந்துவிட்டது என்று சொல்ல நேரும்.

ஜார்ஜியா நாட்டுத் துமானிசியில் ஏறத்தாழ 17 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முதியவர் ஒருவரின் மண்டையோடு கிடைத்தது. ஒரு பல் தவிர ஏனையவை அவர் இறப்பதற்கு நெடுநாள் முன்பே விழுந்துவிட்டன, பற்குழிகளும் தூர்ந்துபோயின. பிறர் உதவியால் அவர் உயிர் வாழ்ந்திருக்கலாம் என்பர் சிலர். பல்லிழந்த குரங்குகளும் தாமே வாழ்வதுண்டு என்று மறுப்பர் வேறு சிலர். அவ்வழக்கை அவர்களிடமே விடுவோம். நம்மைப் பற்றிய வழக்குக்கு நாமே சான்று.

நம் தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற சொல் புதிதன்று. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டி, இளநீர் புகட்டி முடித்துவிடும் வழக்கம் அது. 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து அது செய்தியாயிற்று. வறுமையும் பராமரிக்க ஆளின்மையும் காரணமாகச் சொல்லப்பட்டன. கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில் பகல் முழுதும் உடனிருப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை தராமல், கொலை பாவம் என்று மட்டும் பீடத்தில் நின்று சொல்வது போதாது. அளக்கவியலாத சாயலை நம்புகிறோம் எனில், அதற்குரிய உழைப்பையும் பகிர்ந்தாக வேண்டும்.

ஆகவே அன்பியக் கூட்டம் செபத்தோடு கலையுமுன், நம் தெருவில் தானாக உண்ண இயலாதவர் யார், நாளை அவருக்குக் கஞ்சி ஊட்டுவது யார் முறை என்று கேட்டுக்கொள்வோமாக.