ஊழுக்கு இடம் உண்டு, ஓரவஞ்சனைக்கு இல்லை

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஃபார்முலா ஒன் பந்தயம். கோவைக் குடும்பத்தில் பிறந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் இருந்தார். ஃபார்முலா ஒன்னில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவர். இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டிப் பந்தயம் தொடங்க வேண்டும். 20 கார்களும் முன்னோட்டச் சுற்றை முடித்து வந்தன. அப்போது மிஷலின் டயர் மாட்டியிருந்த 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டுமே பந்தயம் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் புள்ளிகள் அவை. அரங்கிலோ ஒரே கூச்சல். காசு கொடுத்து வந்தவர்கள் பாட்டில்களைத் தடத்தில் வீசினார்கள்.

இந்த நிலைக்குக் காரணம் 13ஆவது வளைவு. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அங்கே டயர் கெட்டு ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த வளைவின் வேகத்தைத் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷலின் நிறுவனமே கைவிரித்தது. வேகத்தைக் குறைக்க வளைவுக்கு முன்னால் தற்காலிகத் திருப்பம் ஒன்றை அமைக்கலாம் என்று அணிகள் கேட்டன. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் மறுத்துவிட்டது. சரியான டயரோடு வந்தவர்களுக்கு அது அநீதி என்பது அதன் வாதம். விதி நின்றது, பந்தயம் செத்தது.

பதினாறு ஆண்டுகள் கழித்து நேர்மாறாக ஒன்று நடந்தது. 2021 டிசம்பர் 12, அபுதாபி. லூயிஸ் ஹாமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளிகளோடு கடைசிப் பந்தயத்துக்கு வந்திருந்தார்கள். 58 சுற்றுகள். ஹாமில்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். 53ஆவது சுற்றில் நிக்கோலஸ் லத்தீஃபியின் கார் மோத, எல்லாரையும் மெதுவாக வரிசையில் ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புது டயர் மாற்றிக்கொண்டார். இருவருக்கும் நடுவே, ஒரு சுற்று பின்தங்கிய 5 கார்கள் இருந்தன. பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி அந்த ஐந்தை மட்டும் முன்னால் போகவிட்டு, கடைசிச் சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார். பின்தங்கிய மற்ற கார்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய டயரில் ஓடிய ஹாமில்டனை ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் முந்தினார். உலகமே இருக்கையின் நுனியில் இருந்தது. மாசி மனிதத் தவறு செய்தார், ஆனால் நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார் என்று 2022 மார்ச்சில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. பட்டம் மாறவில்லை.

ரசிகர்கள் அன்று இரண்டாகப் பிரிந்தார்கள், இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். கடைசிச் சுற்றுவரை கார்கள் மோத வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன பந்தயம் என்பது ஒரு கட்சி. விறுவிறுப்புக்காக விதியை வளைத்தால் அது வேடிக்கை, பந்தயம் இல்லை என்பது மறுகட்சி. கேட்பதற்கு விளையாட்டுச் சண்டை. அடியில் இருப்பதோ மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் அறக்கேள்வி: பலருக்கு மகிழ்ச்சி கிடைக்கும் என்றால் ஒருவருக்குரிய நீதியை விட்டுக்கொடுக்கலாமா?

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு டயரும் பிரேக்கும் அன்றாடப் பேச்சு. போட்டியும் அப்படித்தான். தை பிறந்தால் ஆத்தூர் பக்கம் கூலமேட்டிலும், நாமக்கல் மாவட்டம் அலங்காநத்தத்திலும் வாடிவாசல் திறக்கும். திமிலை மட்டும்தான் அணைக்கலாம். கொம்பையோ வாலையோ பிடித்தால் செல்லாது. ஒரு மாட்டுக்கு ஒரு வீரர்தான். இரண்டு பேர் தொங்கினால், மேடையில் மைக் வைத்திருப்பவர் அந்தக் கணமே பிடி செல்லாது என்று அறிவிக்கிறார். பரிசு மாட்டுக்காரருக்குப் போகிறது. எவ்வளவு அழகான பிடியாக இருந்தாலும், கூட்டம் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும், தீர்ப்பு அதுதான். கூட்டமும் அதை ஏற்றுக்கொள்கிறது.

இதே பகுதியின் கூத்து மேடை இன்னும் ஆழமாகப் போகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடத்தி முடிக்கும் நாளில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பெரிய உருவம் திடலில் மல்லாந்து கிடக்கும். வீமன் வேடம் கட்டியவர் கதாயுதத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். தொடையில் அடி விழும். திரௌபதி கூந்தலை முடிவாள். ஊரே கண்கலங்கிக் கும்பிடும். கதைப் போரில் இடுப்புக்குக் கீழே அடிப்பது விதிமீறல் என்பது கும்பிடுகிறவர்களுக்கும் தெரியும். கண்ணன் குறிப்புக் காட்டித்தான் வீமன் அடித்தான் என்பதும் தெரியும். இருவருக்கும் கதைப்பயிற்சி தந்த பலராமன் கொதித்தெழுந்து கலப்பையை ஓங்குகிறான். வீமனின் சபதத்தையும் துரியோதனன் செய்த கொடுமைகளையும் கண்ணன் எடுத்துச் சொல்கிறான். பலராமன் சமாதானம் ஆகவில்லை. வீமன் கோணல் போர் செய்தவன் என்றே உலகம் பேசும் என்று சொல்லிவிட்டுத் துவாரகைக்குத் தேரேறிவிடுகிறான்.

பாரதம் அந்தக் கோபத்தை மறைக்கவில்லை என்பதுதான் அதன் பெருமை. வென்றது தர்மத்தின் பக்கம். வெற்றிக்குச் சென்ற வழியில் கறை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அபுதாபி ரசிகர்களுக்கும் அந்த நேர்மை தேவை. வெர்ஸ்டாப்பன் அந்த ஆண்டு முழுவதும் அபாரமாக ஓட்டினார் என்பது உண்மை. அன்றைய கடைசிச் சுற்றில் அவர் விதி எதையும் மீறவில்லை என்பதும் உண்மை. வளைந்தது நடுவரின் கை. அதைச் சொன்னால் வெற்றியாளரைச் சிறுமைப்படுத்துவதாக ஆகாது.

அப்படியானால் பந்தயத்தில் அதிர்ஷ்டமே இருக்கக் கூடாதா? திருக்குறள் இங்கே கைகொடுக்கிறது. ஊழ் என்று ஓர் அதிகாரம், 38ஆவது. அதைவிட வலியது வேறில்லை என்கிறார் வள்ளுவர். ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரம், 62ஆவது. சோர்வில்லாமல் உழைப்பவர்கள் அந்த ஊழையும் புறமுதுகு காட்டவைப்பார்கள் என்கிறார். இரண்டுக்கும் முன்னால், 12ஆவதாக, நடுவு நிலைமை. தீர்ப்புச் சொல்பவர் எந்தப் பக்கமும் சாயாத துலாக்கோல்போல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊழும் உழைப்பும் மோதட்டும். தீர்ப்பவர் மட்டும் மோதலில் சேரக் கூடாது.

ஊழுக்கும் சூதுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஆண்டில் காட்டிய பருவம் 2008. நவம்பர் 2ஆம் தேதி பிரேசில் பந்தயத்தை ஃபெலிப்பே மாஸா தன் சொந்த ஊரில் வென்றார். சில நொடிகள் அவர்தான் உலகச் சாம்பியன். அப்போது பெய்த மழையில், உலர்தடத்துக்கான டயரோடு தடுமாறிய டிமோ க்ளாக்கை, கடைசிச் சுற்றின் இறுதி வளைவுகளில் ஹாமில்டன் முந்தினார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கைமாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்தது வேறு. ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர், தன் அணித்தோழர் அலோன்சோ வெல்வதற்காக, வேண்டுமென்றே காரைச் சுவரில் மோதினார். அதனால் வந்த சேஃப்டி கார் நேரத்தில் பிட்டில் குளறுபடியாகி, முன்னணியில் இருந்த மாஸா புள்ளியில்லாமல் முடித்தார். உண்மை அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. 2024இல் மாஸா லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய வழக்கு பிரேசில் மழையைப் பற்றியதல்ல, சிங்கப்பூரைப் பற்றியது. மழையில் தோற்றதை ஒரு மனிதன் தாங்கிக்கொள்வான். சூதில் தோற்றதைத் தாங்க முடிவதில்லை.

இந்த அளவுகோலை மற்றச் சர்ச்சைகளிலும் வைத்துப் பார்க்கலாம். 2011இல் டி.ஆர்.எஸ். வந்தது. முன்னால் போகும் காரை ஒரு நொடிக்குள் நெருங்கியவர், குறித்த இடத்தில் பின்சிறகைத் திறந்து வேகம் பெறலாம் என்பது 2025 வரை இருந்த விதி. முன்னால் போகிறவருக்கு அந்த வசதி இருக்கவில்லை. முந்துவது செயற்கையாகிவிட்டது என்று ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். வருத்தம் நியாயமானது, ஆனால் அது ரசனை பற்றிய வருத்தம். ஒரு நாள் முன்னால் போனவர் இன்னொரு நாள் பின்னால் வந்தார், சலுகை அவருக்கும் கிடைத்தது. முன்கூட்டியே அறிவித்து, எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துவது ஓரவஞ்சனை ஆகாது.

பணத்தின் கதை அவ்வளவு எளிதல்ல. பணக்கார அணியின் கார் வேகமாக ஓடுவதை ஊழென்று விட்டுவிட முடியாது. அது மனிதர்கள் அமைத்த ஏற்பாடு, மனிதர்களே மாற்றலாம். 2021இல் அணிகளின் செலவுக்கு 14.5 கோடி டாலர் உச்சவரம்பு வந்தது. தரவரிசையில் மேலே உள்ள அணிக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் குறைவு, கீழே உள்ள அணிக்கு அதிகம் என்றும் ஏற்பாடு. முதல் ஆண்டிலேயே வரம்பைத் தாண்டிய ரெட் புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதமும் சோதனை நேரத்தில் 10 சதவீதக் குறைப்பும் விதித்தார்கள். தண்டனை போதாது என்று வாதிடலாம். திசை சரி.

இப்போது 2005க்கு ஒரு தீர்ப்பு. விதியைக் காத்தவர்கள் தவறு செய்யவில்லை. பாதுகாப்பில்லை என்று விலகியவர்களும் தவறு செய்யவில்லை. உயிரைப் பணயம் வைத்து ஓட்டும்படி கேட்க எந்த ரசிகருக்கும் உரிமையில்லை. நரேனின் 5 புள்ளிகளை இனாம் என்று இன்றும் சிலர் பேசுவதுண்டு. அது தவறு. தகுந்த டயரோடு வந்து, பந்தயத்தை இறுதிவரை ஓட்டி முடித்தவருக்கு விதிப்படி வந்த புள்ளிகள் அவை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 31 அன்றும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவுப் பந்தயம் நடந்தது. எஃப் 4 பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பது நல்ல தொடக்கம். கோவை செட்டிப்பாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பல ஆண்டுகளாகப் பந்தயங்கள் நடக்கின்றன. இவற்றை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பந்தய விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கூட்டத்துக்குக் கொடுங்கள். நடுவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை அங்கேயே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பஸ் ஏறி வருகிற ரசிகர், தனக்குப் பிடித்தவர் தோற்றாலும் நியாயமாகத் தோற்றார் என்ற உறுதியோடு வீடு திரும்ப வேண்டும்.