விளக்குமாறு தண்டனையா, தொண்டா?

பள்ளிக்குத் தாமதமாக வரும் மாணவனை வாசலிலேயே நிறுத்தி, "போய் திடல்ல கிடக்கிற குப்பையைப் பொறுக்கு" என்கிறோம். வீட்டுப் பாடம் செய்யாதவனை ஓய்வு நேரத்தில் வகுப்பறையைக் கூட்டச் சொல்கிறோம். அதே வாரம் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்து, அதே மாணவன் கையில் அதே விளக்குமாற்றைக் கொடுத்து, "இது தொண்டு, சந்தோஷமா செய்யணும்" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? இதுதான் என் கேள்வி. பார்க்கச் சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கும்.

நான் ஆசிரியர் இல்லை. எங்கள் கிளை ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறது. கணிதம் ஒரு மணி நேரம், சமய வகுப்பு ஒரு மணி நேரம். ஆண்டுக்கு இரண்டு முறை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்து கோத்தோங் ரோயோங் உண்டு. அப்படி ஒரு நாளில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் விளக்குமாற்றை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "அண்ணா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான்.

பக்கத்தில் இருந்த பெற்றோர் சிரித்தார்கள். பையன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகம் வாடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. விளக்குமாறு கைக்கு வந்தால் நாம் ஏதோ தப்பு செய்திருக்கிறோம். எந்த ஆசிரியரும் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்க மாட்டார். நன்னெறிக் கல்விப் பாடத்தில் இருக்கும் 14 நெறிகளில் கடமையுணர்வு உண்டு, ஒத்துழைப்பு உண்டு, ஊக்கமுடைமை உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் அவன் சரியான விடைக்கே வட்டம் போடுவான். ஆனால் காலை 7.35க்குப் பள்ளி வாசலில் நடப்பதுதான் அவன் மனதில் நிற்கும்.

நம் பேச்சே இதற்குத் துணை போகிறது. கோபம் வந்தால் "விளக்குமாத்தால அடிப்பேன்" என்கிறோம். தகுதியில்லாத அலங்காரத்தை "விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமா" என்று கேலி செய்கிறோம். அதே வீட்டில் பாட்டி, "விளக்குமாத்தை மிதிக்காதே, லட்சுமி" என்பார். விளக்கேற்றிய பிறகு கூட்டக் கூடாது என்பார். லட்சுமியையே கூப்பிட்டு அடிக்கிற ஆயுதமாகவும் வைத்திருக்கும் சமூகம் நாம்தான்!

கோத்தோங் ரோயோங் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. "பிள்ளையைப் படிக்க அனுப்புறோமா, கூட்ட அனுப்புறோமா?" என்பார்கள். இளைஞர் இயக்கங்களில் இருக்கும் நாம் இவர்களைச் சுலபமாக 'பொறுப்பில்லாதவர்கள்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடங்கள் வந்தன. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். காலையில் பால்மரத்துக்குப் போய்விட்டு வந்து படித்த பிள்ளைகள் உண்டு. தோட்டத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டப் படித்தால் போதும், மரம் வெட்டத் தெரிந்தால் போதும் என்பதுதான் அன்றைய நினைப்பு. மலாய்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 1916இல் மலாய்ப் பள்ளிகளின் பொறுப்புக்கு வந்த வின்ஸ்டெட், கூடை முடைவதற்கும் தோட்டவேலைக்கும் முக்கியத்துவம் கொடுத்தார். உழைப்பின் மேன்மை என்று கேட்க நன்றாக இருக்கும். விவசாயி மகன் விவசாயியாகவே இருக்கட்டும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். துரை மகனைக் கூடை முடையச் சொல்லவில்லையே.

பட்டணத்துக்கு வந்தவர்களுக்கும் விளக்குமாறு தப்பவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நகராட்சித் தெருக்களைக் கூட்டியவர்களில் நம்மவர்கள் ஏராளம். ஊரிலிருந்து வரும்போதே எந்தச் சாதி எதைத் தொட வேண்டும் என்ற கணக்கையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாக வந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் விளக்குமாறு பிடிப்பதைப் பார்த்து அம்மாவுக்கு வயிறு எரிந்தால், அது திமிர் இல்லை. பட்ட காயம் பேசுகிறது.

ஆகவே "எல்லாரும் கூட்டணும், உழைப்பே உயர்வு" என்று மேடையில் பேசிவிட்டு இறங்கிவிட முடியாது. யார் கூட்டுகிறார்கள், யார் கூட்டாமல் தப்பிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பொங்கல் விழா என்று வந்தால் மண்டபத்தில் நாற்காலி அடுக்க வேண்டும். வகுப்பிலிருந்து பையன்களைக் கூப்பிடுவார்கள். யாரை? கணிதத்தில் தேறுகிறவனை இல்லை. "அவன் இருக்கட்டும், பாடம் போயிடும்" என்பார்கள். பின்வரிசைப் பையன் எழுந்து போவான். அவனுக்குப் பாடம் போனால் பரவாயில்லை போலும். யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கும் பிள்ளை, வாங்காத பிள்ளை என்ற பிரிவினை மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மறுக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாற்காலி தூக்கப் போகும் பையன் சந்தோஷமாகத்தான் போகிறான். எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் பெருமையாகச் சொன்னான்: "அண்ணா, எட்டு நாற்காலியை ஒரே தடவையில தூக்குவேன். சார் என்னைத்தான் கூப்பிடுவார்." பின்னத்தைக் கூட்டச் சொன்னால் பகுதி எண்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவான். அந்தப் பள்ளியில் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டும் ஒரே இடம் மண்டபம்தான். அதை அவனிடமிருந்து பிடுங்கலாமா? பிடுங்கினால் என்ன மிஞ்சும்? பிடுங்காவிட்டால் பின்னம் எப்போது வரும்? ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். அவன் தூக்குவதில் தவறில்லை, அவன் மட்டும் தூக்குவதுதான் தவறு. முதல் வரிசைப் பையனும் கூடவே போய் ஒரு முனையைப் பிடிக்கட்டும். திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடத்தை இருவருக்கும் ஆசிரியர் நடத்துவார். ஒருவன் மட்டும் விட்டுப்போனால் நடத்த மாட்டார். இது என் அனுபவம்.

நம் சமயத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டால், அப்பரைக் காட்டுவோம். திருநாவுக்கரசர் சிலையில் கையில் இருப்பது உழவாரம், புல் செதுக்கும் கருவி. அவருடைய அக்காள் திலகவதியார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகியவர் என்று பெரிய புராணம் சொல்கிறது. சைவத்தில் முதல் படி சரியை; கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் அதில் அடங்கும். நம் இயக்கங்கள் கோயில்களில் உழவாரப்பணி என்று பெயர் வைத்துச் செய்வதும் இதையொட்டித்தான். எல்லாம் சரி. ஆனால் அப்பரை யாரும் தாமதமாக வந்ததற்காகப் புல் செதுக்கச் சொல்லவில்லை. கலைகளெல்லாம் கற்று, தருமசேனர் என்று பட்டம் பெற்று, பெரிய இடத்தில் இருந்தவர் அவர். கீழே குனிந்து புல்லை எடுத்தது அவரே விரும்பி எடுத்த முடிவு. அந்த விருப்பத்தைக் கழித்துவிட்டு உழவாரத்தை மட்டும் பிள்ளை கையில் கொடுத்தால் அது வெறும் கருவிதான்.

காந்தி விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பிடம் நாறியபோது அவரே விளக்குமாறு கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். எல்லாரும் சொல்லும் கதை இது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு டர்பன் வீட்டில் நடந்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அவருடைய குமாஸ்தா ஒருவர் அங்கே தங்கியிருந்தார். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய அறைப் பாத்திரத்தைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே எடுத்துப் போகிறார். செய்தால் மட்டும் போதாது, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று காந்தி கத்துகிறார். வாக்குவாதம் முற்றி, மனைவியைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போகிறார். இதைத் தம் சுயசரிதையில் வெட்கத்தோடு அவரே எழுதியிருக்கிறார். வேலை உயர்ந்ததுதான், கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் அந்தப் படிக்கட்டில் நடந்தது தொண்டு இல்லை. கஸ்தூரிபாவுக்குள் இருந்த தீண்டாமையும் உண்மை, காந்தியின் அதிகாரமும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியவில்லை.

அப்படியானால் கட்டாயமே வேண்டாமா? அதையும் நான் சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு கட்டாயம்தானே. சிங்கப்பூரில் 2016 இறுதிக்குள் தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக் கல்லூரி வரை எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் துப்புரவில் பங்கெடுக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு கொண்டுவந்தது. அதுவும் கட்டாயம்தான். ஆனால் எல்லாருக்கும் கட்டாயம், எல்லா நாளும் கட்டாயம். யாரையும் பொறுக்கி எடுத்து அவமானப்படுத்துவதில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நம் பள்ளியில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். அரசாங்கப் பள்ளிகளில் துப்புரவு வேலை குத்தகை நிறுவனங்களிடம் இருக்கிறது. நாங்கள் போகும் பள்ளியில் கூட்டித் துடைக்கிற ஆன்ட்டியின் மகள் அங்கேயே நான்காம் ஆண்டு படிக்கிறாள். சபைகூடலில், "சத்தம் போட்டா கழிப்பறையைக் கழுவ விட்டுடுவேன்" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது அந்தப் பிள்ளையும் வரிசையில் நிற்கிறாள். தன் அம்மா தினமும் செய்யும் வேலை, இந்தப் பள்ளியில் மற்றவர்களுக்கு மிரட்டல். அந்தப் பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? நீதியுடைமை என்ற நெறிக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற முறை கோத்தோங் ரோயோங்கில் நாங்கள் ஒரு மாற்றம் செய்தோம். அந்த ஆன்ட்டியை முன்னால் அழைத்து, துடைப்பது எப்படி என்று சொல்லித் தரச் சொன்னோம். முதலில் கூச்சப்பட்டார். பிறகு பிடித்துக்கொண்டார். "வாசல் பக்கம் இருந்து ஆரம்பிக்காதீங்கடா, துடைச்ச இடத்தையே மிதிப்பீங்க. உள்ளேயிருந்து பின்னால நகர்ந்து வரணும். தண்ணியை நல்லா பிழியணும்." நாற்பது பிள்ளைகள் கவனித்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் பிழிந்தார். மகள் முன்வரிசையில் நின்றாள். அன்று யாரும் என்ன தப்பு செய்தோம் என்று கேட்கவில்லை.

வேலை முடிந்து மைலோ குடிக்கும்போது அந்த ஆன்ட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பிள்ளைங்களே எல்லாத்தையும் செஞ்சிட்டா, எங்க ஆளைக் குறைச்சிடுவாங்களா?" தொண்டு பேசுகிறவர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. நம்முடைய புண்ணியம் இன்னொருவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அதனால் பிள்ளைகளின் பங்கைத் தனியாகப் பிரித்தோம். அவரவர் மேசை, அவரவர் வகுப்பு அலமாரி, சாப்பிட்ட தட்டு, மூலிகைத் தோட்டம். நடைபாதையும் கழிப்பறையும் சம்பள வேலை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. கழிப்பறையை ஒழுங்காகப் பயன்படுத்த மட்டும் சொல்லித் தருகிறோம். பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போகும்போதும் இதையே சொல்கிறேன்: மறுநாள் வந்து மூட்டை மூட்டையாக அள்ளிப் படம் எடுப்பதைவிட, நம் கையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலை நாமே தொட்டியில் போடுவது முதல் வேலை.

குப்பை பொறுக்குவதைத் தண்டனையாகக் கொடுக்க வேண்டாம் என்று பள்ளியில் கேட்டிருக்கிறோம். தலைமையாசிரியர் காது கொடுத்துக் கேட்டார். கட்டொழுங்கு ஆசிரியருக்குத்தான் மனம் வரவில்லை. "அடிக்கக் கூடாதுன்னு சொல்றீங்க, குப்பையும் பொறுக்க விடக் கூடாதுன்னா லேட்டா வர்றவனை நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. தாமதமாக வருகிற பிள்ளைகளின் பெயரை ஒரு மாதம் எழுதி வையுங்கள், ஏன் தாமதம் என்று நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு வருகிறோம் என்றேன். எழுதினார். ஒன்பது பெயர் வந்தது. அதில் ஐந்து பேர் ஒரே வேனில் வருகிறவர்கள். அந்த வேன்காரரை வரும் சனிக்கிழமை சந்திக்கிறோம்.